மூட்டு வலிக்கு மனநோய் மாத்திரையா?

மில்லர்புரத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவுக்கே அவர் 'டீச்சர்'. முப்பத்து மூன்று வருடம் ஆரம்பப் பள்ளியில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் பெயர் மாறவில்லை. வயது எழுபது. 2023 ஜூலையில் ஒரு சாயங்காலம், கல்லூரி விட்டு வந்த பேரனைக் கூப்பிட்டு ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார்.

"ஏல, இது எதுக்குள்ள மாத்திரைன்னு அந்த நெட்டுல பாத்துச் சொல்லு."

பேரன் பார்த்தான். முதல் வரியிலேயே முகம் மாறிவிட்டது. மனச்சோர்வு நோய்க்கான மருந்து என்று போட்டிருந்தது. ஆச்சியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசித்த அந்த இரண்டு நொடி போதும், டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்தவர் ஆச்சே!

"மெடிக்கல்ல அந்தப் பையன் சொன்னது நெசந்தான் போல. எனக்குக் கிறுக்குன்னு நெனச்சுட்டாவ."

அட்டை அலமாரிக்கு மேலே போனது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து மாத்திரை கிடையாது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லும் பேச்சே இல்லை.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் புரியும்.

டீச்சருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலது கால் ரொம்ப மோசம், எலும்பும் எலும்பும் உரசுகிற நிலை. தைலம், ஒத்தடம், முடக்கத்தான் தோசை (முடக்கை அறுக்கும் என்று பெயரிலேயே உத்தரவாதம் இருக்கிறதே!), மூட்டுக்குள் ஊசி என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் 2023 ஜனவரியில் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன்.

இந்த ஆபரேஷன் பெயர் நம் ஊர்களில் சாதாரண ஜனங்கள் வாயில் புழங்க ஆரம்பித்ததற்கு ஒரு பிரதமரின் முழங்கால் முக்கியக் காரணம். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் வாஜ்பாய்க்கு இடது முழங்காலை மாற்றினார்கள். 2001 ஜூனில் வலது முழங்கால். செய்தவர் அமெரிக்காவில் பேர் பெற்ற டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். பேப்பரைத் திறந்தால் அந்த முழங்கால்தான். ஆனால் அப்போது அது பணக்கார வைத்தியம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. அதிகம் புழங்கும் கோபால்ட் குரோமியம் மூட்டு சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. அது வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. டீச்சர் மாதிரி பென்ஷன்காரர்கள் துணிந்து கட்டிலில் ஏறியதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள் என்பது கேட்க லேசாக இருக்கும். தொடை எலும்பின் கீழ்முனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் அளவாகச் சீவி எடுத்துவிட்டு உலோக உறை மாட்டுகிறார்கள், நடுவில் உரசாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு. தச்சு வேலை மாதிரிதான். அப்படியானால் தேய்ந்த இடத்தையே எடுத்தாயிற்று, இனி வலிக்க அங்கே என்ன இருக்கிறது?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். டீச்சரும் நினைத்தார்.

முதல் ஒரு மாதம் வலித்தது. அது இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பிசியோதெரபிக்கு வந்த பெண் காலை மடக்கச் சொல்லும்போதெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே மடக்கினார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. மூன்றாவது மாதம் மாடிப்படி ஏறினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, வலியைத் தவிர. அது பழைய வலியும் இல்லை. பழைய வலி நடந்தால் வரும், உட்கார்ந்தால் அடங்கும். இது ராத்திரியில் வந்தது. எரிச்சல். நடுநடுவே ஷாக் அடித்த மாதிரி ஒரு சுண்டல். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போய் இருந்தது, அதற்கு ஒட்டினாற்போல் உள்ள இடத்தில் போர்வை பட்டால்கூட மிளகாய் தேய்த்த மாதிரி காந்தல். மே மாதத்து ராத்திரியில் தூத்துக்குடி வெக்கையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஃபேன் காற்று இல்லாமல் தூங்க முடியாது. டீச்சருக்கு அந்தக் காற்றே காலில் பட ஆகவில்லை.

மரத்துப்போவது அநேகம் பேருக்கு நடப்பது. முழங்காலின் முன்பக்கம் கீறும்போது தோலுக்கடியில் குறுக்கே ஓடும் சின்ன உணர்வு நரம்புக் கிளை அறுபடத்தான் செய்யும். பலருக்கு அது வெறும் மரமரப்போடு போய்விடும். சிலருக்கு மட்டும் எரிகிறது.

2012-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்த்தார்கள். முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு நீண்ட நாள் கழித்தும் சொல்லும்படியான வலி இருக்கிறது என்று கணக்கு வந்தது. ஐந்தில் ஒருவர்! இது ஆபரேஷனுக்கு எதிரான கணக்கு ஆகாது, மீதி நான்கு பேர் நன்றாக இருக்கிறார்கள் என்பதும் அதே கணக்குதான். ஆனால் கட்டிலில் ஏறும் முன்பு இந்த ஒரு எண்ணைக் காதில் போட்டுவிட்டால், ஐந்தாவது ஆள் தன் வலியை ஏதோ தன் குற்றம் மாதிரி மறைத்துக்கொண்டு திரிய வேண்டியிருக்காது. டீச்சர் அப்படித்தான் திரிந்தார். "இவ்வளவு செலவு பண்ணிட்டு இன்னும் வலிக்கின்னா பிள்ளைய என்ன நெனைக்கும்" என்று மகனிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் மருமகள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "அத்தை, நீங்க ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க."

எலும்பு டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தார். எக்ஸ்ரே எடுத்தார், மூட்டு ஆடவில்லை, கோணவில்லை. ரத்தத்தில் கிருமித் தொற்றுக்கான அறிகுறி பார்த்தார், இல்லை. இந்தச் சோதனைகளை முதலில் முடிக்காமல் வலிக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது தப்பு. உள்ளே சீழ் பிடித்திருந்தாலோ மூட்டு கழன்றிருந்தாலோ அதற்கு வைத்தியம் வேறு. எல்லாம் சரியாக இருந்ததால் அவர் ஒரு சீட்டில் எழுதினார். டுலோக்செட்டின் 30 மில்லிகிராம் ஒரு வாரம், பிறகு 60. "நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கேன்மா, மறக்காமப் போடுங்க." அவ்வளவுதான். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று.

நரம்புக்கு மாத்திரை! நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களைப் படித்து வளர்ந்த யாருக்கும் 'நரம்பு' என்றால் என்னென்ன ஞாபகம் வரும் என்பதை இங்கே எழுத வேண்டாம். அந்த வார்த்தை எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய ஒரு வாக்கியம் அந்த மேஜையில் சொல்லப்படாமலே போனது. 'இதை மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள், உங்களுக்கு வலிக்காகக் கொடுக்கிறேன்.' சொல்ல பத்து நொடி ஆகுமா?

அந்த பத்து நொடியை ஒரு மாதம் கழித்து மெடிக்கல் பையன் தன் வழியில் நிரப்பினான். இரண்டாவது தடவை மாத்திரை வாங்கப் போனபோது, "இது டிப்ரஷனுக்குள்ளதாச்சே, யாருக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். பக்கத்தில் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். போதாதா?

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் காலையில் டீச்சருக்குத் தலை சுற்றியது. குமட்டல். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் சின்னச் சின்ன மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு 'சுர்'. காரணமே இல்லாமல் அழுகை. வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். பிரஷர் பார்த்தார்கள், ஸ்ட்ரோக்கோ என்று ஆட்டோ பிடித்து ஓடினார்கள். ஒன்றும் இல்லை என்று திரும்பினார்கள். பேரனுக்கு மட்டும் அலமாரி மேல் இருந்த அட்டை ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தான், மூன்று நாளாக ஒன்றுகூடக் குறையவில்லை.

டுலோக்செட்டினைப் பல வாரம் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் இதெல்லாம் வரும். மருந்து விவரத் தாளிலேயே இருக்கிறது. இது போதை மருந்துக்கான ஏக்கம் கிடையாது. மருந்தோடு பழகிய நரம்பு மண்டலம், பலகையை உருவிவிட்டது மாதிரி தடுமாறுகிறது. படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. நான்காம் ராத்திரி போர்வை பட்டதும் பழையபடி காந்தியது. அப்போதுதான் டீச்சருக்கே உறைத்தது, ஜூலை ஆரம்பத்தில் ஒரு வாரமாகப் போர்வை போர்த்தித்தான் தூங்கியிருக்கிறார். குறைந்ததைக் கவனிக்கவே இல்லை!

இந்தத் தடவை மயக்க மருந்துப் படிப்பு படித்து வலி வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். டீச்சர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எனக்குக் கிறுக்கா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரேடியோ கேப்பீங்களா டீச்சர்?"

"கேப்பேனே. நம்ம தூத்துக்குடி ஸ்டேஷன்தான், காலையில எந்திரிச்ச உடனே."

"ஸ்டேஷன்ல இருந்து வர்ற சத்தம் ஒண்ணுதான். உங்க வீட்டு ரேடியோவுல வால்யூமைக் கூட்டி வச்சா காது கிழியும், குறைச்சு வச்சா கேக்காது. இல்லையா? உங்க கால்ல ஆபரேஷன் காயம் ஆறிடுச்சு. அங்கிருந்து வர்ற சேதி கொஞ்சம்தான். ஆனா பல வருஷமா வலியக் கேட்டுக் கேட்டு முதுகெலும்புக்குள்ள இருக்கிற நரம்போட வால்யூம் ஏறிப் போயி அப்படியே மாட்டிக்கிடுச்சு. அதக் குறைக்கிற திருகு மூளையில இருந்து கீழ வருது. இந்த மாத்திரை அந்தத் திருகுக்கு."

இது டீச்சருக்காகச் சொன்ன கட்டுக்கதை இல்லை. வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குப் போகும் ஒருவழிச் சாலை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர், தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது, சேதி எவ்வளவு மேலே போகலாம் என்பதை அது தீர்மானிக்கிறது என்று எழுதினார்கள். 1969-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலியின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்தே கொடுக்காமல் வயிற்றைத் திறந்து பார்த்தார். எலி துடிக்கவில்லை! அதாவது மூளையே கீழ்நோக்கி 'போதும், அடங்கு' என்று உத்தரவு அனுப்ப முடியும். அந்த உத்தரவைக் கொண்டுபோகும் முக்கியமான ரசாயனங்களில் இரண்டுதான் செரோட்டோனினும் நார்அட்ரீனலினும். டுலோக்செட்டின் இந்த இரண்டும் நரம்பு முனையில் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் தடுத்து, அங்கே கூடுதல் நேரம் நிற்க வைக்கிறது. இதே இரண்டு ரசாயனங்கள் மனநிலையிலும் வேலை செய்வதால் அது மனச்சோர்வுக்கும் மருந்து. சங்கதி அவ்வளவுதான்.

உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு இது புரிவது கஷ்டமில்லை. ஒரே உப்பு குழம்புக்கும் போகிறது, கருவாட்டுக்கும் போகிறது, காஸ்டிக் சோடா ஆலைக்கும் லாரி லாரியாகப் போகிறது. குழம்பில் போட்டதால் அதை யாரும் ஆலைச் சரக்கு என்று தள்ளி வைப்பதில்லை.

மருந்துகளுக்கு முதலில் எந்த வேலைக்காகச் சந்தைக்கு வந்தனவோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு விடுகிறது, சிக்கல் அங்கேதான். 1950-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டு 1957-இல் வெளியிட்டார். மூன்றே வருடத்தில், 1960-இல், பிரான்சில் அதே மருந்தை வலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். அதன் தம்பி அமிட்ரிப்டிலினும் அதே வழியில் வந்தது. நம் ஊரில் ஒற்றைத் தலைவலிக்கும் அக்கி வந்து போன பிறகு நிற்காத எரிச்சலுக்கும் ராத்திரி போடச் சொல்லி எழுதித் தருகிறார்களே 10 மில்லிகிராம் சின்ன மாத்திரை, அது பெரும்பாலும் இதுதான். மனச்சோர்வுக்கு இதையே 75, 150 என்று கொடுப்பார்கள். 10 மில்லிகிராமில் யாருடைய மனச்சோர்வும் தீராது.

'சரி, வலிக்காரர்கள் மனசு சோர்ந்துதானே இருப்பார்கள், மனசு தெளிந்ததால் வலி குறைந்த மாதிரி தெரிகிறதோ?' நியாயமான சந்தேகம். இதை 1992-இல் மிட்செல் மேக்ஸ் என்ற அமெரிக்க டாக்டரும் கூட்டாளிகளும் நேராகவே சோதித்தார்கள். சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டு எரிச்சலில் இருந்தவர்களுக்கு அமிட்ரிப்டிலின், டெசிப்ரமின், ஃபுளூவாக்செட்டின் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். முதல் இரண்டும் வலியைக் குறைத்தன. மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் குறைந்தது, துளிகூட இல்லாதவர்களுக்கும் குறைந்தது. ஃபுளூவாக்செட்டின் மனச்சோர்வில் பேர் போன மருந்து (புரோசாக் என்றால் பலருக்குத் தெரியும்), அது வலியில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. மனசு தெளிந்துதான் வலி குறைகிறது என்றால் அதுவும் அல்லவா வேலை செய்திருக்க வேண்டும்?

டுலோக்செட்டின் 2004-இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. அதே வருடம் சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும் அனுமதி கிடைத்தது. 2010 நவம்பரில் முழங்கால் தேய்மானம், நாள்பட்ட முதுகுவலி போன்றவற்றுக்கும் கொடுத்தார்கள். 2023-இல் வெளியான காக்ரேன் தொகுப்பு 176 ஆய்வுகளை, 28,664 பேரை ஒன்றாகப் பார்த்தது. நாள்பட்ட வலிக்கு மனச்சோர்வு மருந்துகளில் நம்பகமான ஆதாரம் உள்ளது டுலோக்செட்டினுக்குத்தான் என்றது. 60-க்கு மேல் 120 கொடுத்தாலும் கூடுதல் பலன் இல்லை என்றும் சொன்னது. தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் அமிட்ரிப்டிலினுக்கு ஆதாரம் மெலிவாகத்தான் இருக்கிறதாம். பலருக்கு அது வேலை செய்வதை டாக்டர்கள் கண்ணால் பார்க்கிறார்கள், ஆனால் பெரிய அளவில் யாரும் ஒழுங்காக அளந்து பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்னதால் இது மந்திர மாத்திரை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்னவை பொதுவான நாள்பட்ட வலி. முழங்கால் ஆபரேஷனுக்கு என்று தனியாகப் பார்த்தால் சங்கதி கலவையாக இருக்கிறது. 2010-இல் சிங்கப்பூரில் 50 பேரிடம் பார்த்தார்கள், ஆபரேஷனை ஒட்டி இரண்டு வேளை கொடுத்ததில் முதல் 48 மணி நேரத்தில் மார்ஃபின் தேவை குறைந்தது. 2016-இல் நியூயார்க்கில் 106 பேருக்கு 15 நாள் கொடுத்தார்கள். நடக்கும்போது வரும் வலி குறையவில்லை, ஆனால் மார்ஃபின் வகை மருந்து எடுத்துக்கொண்டது குறைந்தது. 2019-இல் கொரியாவில் ஒரு குழு கொஞ்சம் யோசித்து, ஏற்கெனவே 'வால்யூம்' ஏறிப் போனவர்களாக 80 பேரைப் பொறுக்கி எடுத்தது. அவர்களுக்கு இரண்டாம் வாரம் தொடங்கி வலி தெளிவாகக் குறைந்தது. நெதர்லாந்தில் இதே மாதிரி ஆட்களைப் பொறுக்கி ஆபரேஷனுக்கு முன்னால் மட்டும் கொடுத்துப் பார்த்து 2022-இல் முடிவு சொன்னார்கள். பிற்கால வலியில் வித்தியாசம் இல்லை.

ஆக, எல்லோருக்கும் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. எரிச்சல், ஷாக், போர்வை பட்டால் வலி என்று சொல்லும் ஆளுக்குக் கொடுத்தால் பலன் இருக்க வாய்ப்பு உண்டு. டீச்சர் அந்த ரகம்.

டாக்டரம்மா இன்னும் இரண்டு விஷயம் கேட்டார். "வேற என்ன மாத்திரை போடுறீங்க? வீட்ல இருக்கிற எல்லாத்தையும் கொண்டாங்க." மஞ்சள் பை வந்தது. பிரஷர் மாத்திரை. இதயத்துக்கு ஆஸ்பிரின். ஆபரேஷன் ஆனபோது கொடுத்த டிரமடால் கலந்த வலி மாத்திரையில் மிச்சம் பத்து. மெடிக்கலில் தானாக வாங்கிய டைக்ளோஃபினாக். டாக்டரம்மா டிரமடாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அதுவும் செரோட்டோனினைக் கூட்டும், டுலோக்செட்டினோடு சேர்ந்தால் உடம்பு நடுங்கி, வியர்த்து, காய்ச்சல் ஏறி ஆபத்தான நிலைக்குப் போகலாம். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக்கோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். டைக்ளோஃபினாக்கை நிறுத்தச் சொன்னார், ஆஸ்பிரினை இதய டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம் என்றார். வயதானவர்களுக்கு இந்த மருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் ஒரு டெஸ்ட் எழுதினார். (உப்புக்குப் பேர் போன ஊரில் உப்பு குறைகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்களே என்று பேரனுக்குச் சிரிப்பு வந்தது.) கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினம் குடிப்பவர்கள், கண்ணில் ஒருவகை நீரழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கக் கூடாது, உள்ளே இருக்கும் குருணைகளுக்கு வயிற்று அமிலம் தாங்கும் உறை உண்டு, அதை உடைத்தால் மருந்து வயிற்றிலேயே வீணாகும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. "ராத்திரியில அழுவீங்களா டீச்சர்?"

டீச்சர் ரொம்ப நேரம் பேசவில்லை. மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழுவேன். வலிக்கா, வேற எதுக்குமான்னு எனக்கே தெரியல."

"ஆறு மாசம் தூங்கலன்னா யாரா இருந்தாலும் அழத்தான் செய்வாங்க. மனசும் கொஞ்சம் சோர்ந்திருந்தா இந்த மாத்திரை அதையும் பாத்துக்கிடும், நல்லதுதானே. ரெண்டுக்கும் வெட்கப்பட ஒண்ணுமில்ல."

இதுவும் உண்மைதான். 'இது வலிக்கு மட்டும்தான், மனசுக்கு இல்லை' என்று அடித்துச் சொல்லி ஆளைத் தேற்றலாம். அப்படிச் சொன்னால் நாளைக்கு மனசுக்காகவே இந்த மாத்திரை தேவைப்படும் பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார். டாக்டரம்மா அந்தக் குறுக்கு வழியில் போகவில்லை.

மறுபடி 30 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். முதல் பத்து நாள் வாய் வறண்டது, பகலில் தூக்கம், சாப்பாடு பார்த்தால் குமட்டல். இது வரும், போகும் என்று முன்கூட்டியே சொல்லி இருந்ததால் டீச்சர் அசரவில்லை. முதல் தடவை இதே குமட்டல் வந்தபோது 'ஒத்துக்கலை' என்று அவரே இரண்டு நாள் விட்டு விட்டுப் போட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் வெளியே வந்தது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள். தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்கும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் பாதியில் விடுவது.

டீச்சருக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம், காரணம் பனிமய மாதா. 2023 ஆகஸ்ட் 5 சாதாரணத் திருவிழா இல்லை, பத்து வருடம் கழித்துத் தங்கத் தேர். 2013 தேரின்போது டீச்சர் கூட்டத்தோடு நடந்தவர். ஜனவரியில் ஆபரேஷன் என்று முடிவு செய்ததே ஆகஸ்டுக்குள் கால் தேறிவிடும் என்ற கணக்கில்தான்.

ஜூலை 26 கொடியேற்றத்துக்குப் போக முடியவில்லை. மருந்து மறுபடி தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 5 அன்று காலையிலேயே பேரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு கிளம்பிவிட்டான். தெருவோரம் நிழல் பார்த்து உட்கார வைத்தார்கள். கூட்டம் என்றால் கூட்டம்! தேர் திரும்பி அவர்கள் பக்கம் வந்தபோது டீச்சர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். பேரன் பிடிக்கப் போனான், கையைத் தட்டிவிட்டார். தேர் கடந்து போகும் வரை நின்றார். பிறகு உட்கார்ந்து, "வலிக்கித்தான். ஆனா நிக்க முடியுது பாத்தியா" என்றார்.

செப்டம்பரில் டாக்டரம்மா பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோது ஜூனில் எட்டு சொன்னவர் நான்கு என்றார். பூஜ்யம் ஆகவே இல்லை. போர்வை போர்த்த முடிந்தது, ஐந்து மணி நேரம் தூங்க முடிந்தது, மடக்கும் பயிற்சியை அழாமல் செய்ய முடிந்தது. 2024 மார்ச் மாதத்திலிருந்து 60-ஐ 30 ஆக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தானாகக் குறைத்துவிடாமல், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தேதிப்படி பல வாரத்தில் நிறுத்தினார்கள். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டது டீச்சரேதான், பழைய வழக்கம். நிறுத்திய பிறகு வலி மூன்று, நான்கு என்று அங்கேயே நிற்கிறது.

கோயிலில் முழங்கால் போட மட்டும் இன்னும் ஆவதில்லை. தழும்பு தரையில் பட்டால் சுரீர் என்கிறது. கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார். இடது முழங்காலையும் மாற்றிவிடலாமே என்று எலும்பு டாக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "அதுக்கு முந்தி எனக்குச் சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்று டீச்சர் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் தேதி குறிக்கவில்லை.